இஞ்சி வச்சிருக்கிற ஆக்களுக்குக் கிழங்கு இல்லை

பிடுங்கின மரவள்ளிக்குப் பொறுமை கிடையாது. ரெண்டு நாளைக்குள்ள வித்துத் தள்ளவேணும், இல்லாட்டி உள்ளுக்குள்ள நீலம் ஓடிக் கறுத்துப்போகும். அதாலை நானும் அம்மாவும் காலமை பிடுங்கி, பின்னேரம் கம்பெனி விடுற நேரத்துக்கு திருப்பூர் முதலிபாளையம் ரோட்டுச் சந்தையில சாக்கை விரிச்சிடுவம். பனியன் கம்பெனிச் சனம் பகல் முழுக்க மிசினுக்கு முன்னால முதுகு வளைச்சுப்போட்டு நல்ல பசியோட வரும். வாங்க ஆக்கள் இருக்கினம், விக்கக் கிழங்கு இருக்கு. நடுவில என்ர அம்மா இருக்கிறா. அங்கதான் பிரச்சினை.

மற்றச் சந்தைக்காரர் ஆராவது பையை நீட்டினால் சாமானைப் போடுவினம். அம்மா பைக்குள்ள கையை விட்டுத் துழாவுவா.

"இஞ்சி வச்சிருக்கிறியோ?"

"ஆமாங்கம்மா, டீக்கு."

"அப்ப கிழங்கு இல்லை. போ."

அந்தப் பெட்டை என்னைப் பாக்கும். நான் வானத்தைப் பாப்பன்.

எங்கட ஊர் கடலுக்கு அங்கால, இலங்கையில மன்னார்ப் பக்கம். சண்டைக்குப் பயந்து, நான் சின்னப்பிள்ளையா வள்ளத்தில வந்து இறங்கினனான். கேம்ப் போர்டில இப்ப மறுவாழ்வு முகாம் எண்டு எழுதியிருக்கு, ஆனால் பஸ் கண்டக்டர் தொடக்கம் பால்காரர் வரை எல்லாருக்கும் அது கேம்ப்தான். என்ர மனுசன் பெயின்ற் அடிக்கப் போறவர். எனக்கு மண்ணை விட்டா வேற வேலை வராது. ஒரு கம்பெனியில பிசிறு வெட்டப் போய்ப் பாத்தன். நூலை வெட்டுறதுக்குப் பதிலா சட்டையை வெட்டிப்போட்டன். சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

அப்பத்தான் தோட்டத்து ஐயா கிடைச்சார். அவருக்கு ஒரு சின்னத் தையல் கம்பெனியும், அவிநாசி போற பக்கம் கொஞ்சக் காடும் இருக்கு. இங்க காடு எண்டால் தோட்டக் காணி. வேலைக்கு ஆக்கள் எல்லாம் கம்பெனிக்குப் போனதால காடு சும்மா கிடந்தது. "வெளைச்சல்ல பாதி எனக்கு, பாதி உனக்கு, பாத்துக்க அம்மிணி" எண்டு வாரத்துக்கு விட்டார். வெண்டி போட்டம், கத்தரி போட்டம், குறையில்லை. இந்த வருசம் மரவள்ளி போடுவம் எண்டது நான்தான். இங்கத்தைச் சனம் குச்சிக்கிழங்கு எண்டு விரும்பித் தின்னுது, விலையும் நல்லாப் போகுது எண்டு நினைச்சன். என்ர புத்தியைச் செருப்பால அடிக்க வேணும்.

ஏனெண்டால் எங்கட ஊரில மரவள்ளியும் இஞ்சியும் ஒரு வயித்துக்குள்ள சேரக்கூடாது. சேர்ந்தால் நஞ்சு, ஆள் முடிஞ்சுது. மரவள்ளி அவிக்கிற அண்டைக்குக் குசினியில இஞ்சியைக் கண்ணிலயும் காட்டமாட்டினம். உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. ஆர் சாப்பிட்டுப் பாக்கிறது?

ஆனால் அம்மாவுக்கு அது ஊர்க்கதை இல்லை. வள்ளத்துக்காக நாங்கள் கடற்கரைக் காட்டுக்குள்ள ஒளிச்சிருந்த நேரம், எனக்கு ஒரு தம்பி இருந்தவன். நடக்கப் பழகின வயசு. அவனுக்குக் காய்ச்சல். ஆரோ குடுத்த மரவள்ளியை அம்மா அவிச்சு ஊட்டினவ. ராவைக்கு இருமல் கூடினதெண்டு இஞ்சித் தேத்தண்ணியும் பருக்கினவ. விடிய அவன் இல்லை. அண்டையில இருந்து அம்மாவுக்குத் தன்ர பிள்ளையைத் தானே கொன்றுபோட்டன் எண்ட நினைப்பு. "அவனுக்கு ஏற்கனவே நெருப்புக் காய்ச்சல் அம்மா, மருந்தில்லாமச் செத்தவன்" எண்டு நான் எத்தினை தரம் சொல்லியிருப்பன். காதில ஏறாது. இப்பிடிப்பட்ட மனுசியைக் கொண்டுவந்து மரவள்ளிச் சாக்குக்கு முன்னால இருத்தி வச்சால் யாவாரம் எப்பிடி நடக்கும்?

வீட்டில இரு எண்டாலும் கேக்க மாட்டா. "நீ காசைப் பாத்து எல்லாருக்கும் குடுத்துப்போடுவாய்" எண்டு சொல்லி, எனக்கு முன்னமே செருப்பைப் போட்டுக்கொண்டு நிப்பா. பெத்த பிள்ளையில அவ்வளவு நம்பிக்கை.

திருப்பூரில இஞ்சி இல்லாத பையைக் கண்டுபிடிக்கிறது லேசில்லை. தெக்கத்தி ஆக்கள் குழம்புக்கு வாங்குவினம், உள்ளூர் ஆக்கள் டீக்கு வாங்குவினம், வடக்கத்திப் பொடியள் எல்லாத்துக்கும் வாங்குவாங்கள். அந்தப் பொடியளுக்காக அம்மா ஒரு ஹிந்திச் சொல்லுப் பாடமாக்கி வச்சிருக்கிறா. இத்தினை வருசத்தில அவ படிச்ச ஒரே ஹிந்தி அதுதான்.

"அத்ரக்?" எண்டு பையைக் காட்டிக் கேப்பா.

அவன் பல்லைக் காட்டிக்கொண்டு, "ஹாங் ஜி, அத்ரக்" எண்டுவான். தன்ர பாசையில ஒரு கிழவி கதைக்குதே எண்டு பாவம் அவனுக்குச் சந்தோசம். அடுத்த நிமிசம் அவனை வெருட்டிக் கலைச்சுப்போடுவா. ஃபோனில ஸ்கேன் பண்ணிக் காசும் போட்டுட்டு நிண்டவனுக்குக்கூட நான் திருப்பி அனுப்பியிருக்கிறன்.

நான் கத்தினதில அம்மா கொஞ்சம் இறங்கி வந்தா. எப்பிடித் தெரியுமோ? இஞ்சியைத் தன்னட்டை ஒப்படைச்சால் கிழங்கு தருவாவாம். அடுத்த நாள் வந்து இஞ்சியை எடுத்துக்கொண்டு போகலாமாம். கண்டறியாத ஏற்பாடு! சில சனம் பகிடிக்கு எண்டு குடுத்துட்டுப் போச்சுது, திரும்பி வந்து எடுக்கேல்லை. அம்மாவின்ர பக்கத்தில இஞ்சிக் குவியல் வளர்ந்துகொண்டு வந்தது. பக்கத்தில உண்மையிலயே இஞ்சி, பூண்டு விக்கிறவருக்கு அதைக் கண்டதும் வயிறு எரிஞ்சிட்டுது.

"ஏனுங்க, என்ற கடையில வாங்குன இஞ்சிய அந்தம்மா புடுங்கி வெச்சுக் கடை போட்டிருக்குதுங்க" எண்டு நேரா ஐயாவிட்டப் போய்ச் சொல்லிப்போட்டார். ரெண்டு பேரும் தூரத்து ஒறம்பரை, சொந்தக்காரர்.

ஐயா பைக்கில காட்டுக்கு வந்து இறங்கினார். பிடுங்கி விக்காமக் கிடந்த கிழங்கை ஒண்டு முறிச்சுப் பாத்தார். உள்ளுக்குள்ள கறுப்பு. அதில பாதி அவருக்குச் சேரவேண்டியது.

"அம்மிணி, உங்கம்மாளச் சந்தைக்குக் கூட்டிட்டு வராத. இல்லீனா தை பொறந்ததும் காட்ட வேற ஆளுக்கு உட்டுப்போடுவன். வெசனமாத்தான் இருக்குது, ஆனா நானும் பொழைக்கோணுமில்ல?"

கோவமாச் சொன்னாலும் பரவாயில்லை, திருப்பிக் கத்தலாம். இந்த மனுசன் மரியாதையாச் சொன்னதால எனக்கு அழுகைதான் வந்தது. இந்தக் காடு போனால் திரும்பப் பிசிறு வெட்டத்தான் போகவேணும். எத்தினை சட்டையை வெட்டிறது?

வீட்டை வந்து அம்மாவிட்டச் சொன்னன். தையோட காடு போயிடும், நீ வராதை எண்டு கும்பிட்டுக் கேட்டன். அம்மா எழும்பிச் சீலையை மாத்தினா.

"எங்க போறாய்?"

"ஐயாவிட்ட. படிச்ச மனுசன், சொன்னால் விளங்கும்."

ஐயா எட்டாம் வகுப்பு. தலையில அடிச்சுக்கொண்டு நானும் பின்னால ஓடினன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஐயா மேசையில இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில மஞ்சள் மஞ்சளா, கடுகு, கறிவேப்பிலை போட்டுத் தாளிச்ச கிழங்கு. காலமை நான்தான் குடுத்துவிட்டனான். அம்மா வாசலிலயே நிண்டு மூக்கை உறிஞ்சினா.

"இஞ்சி மணக்குது."

"ஆமாங்க, தட்டிப் போட்டிருக்குதுங்க. வாங்க, நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க" எண்டார் ஐயா.

"ஐயோ கடவுளே!" எண்டு அம்மா போட்ட கூச்சலில பக்கத்து வீட்டு நாய் குலைக்கத் தொடங்கீட்டுது. ஓடிப்போய்த் தட்டைப் பறிச்சா. தட்டில ரெண்டு துண்டுதான் மிச்சம். மற்றதெல்லாம் ஐயாவின்ர வயித்துக்குள்ள பத்திரமாப் போயிட்டுது.

தையில போகப் போற காடு இண்டைக்கே போச்சு எண்டு நினைச்சன். ஐயாவின்ர மனுசி குசினிக்குள்ள இருந்து கரண்டியோட ஓடி வந்தா. நான் விசயத்தை அள்ளிக் கொட்டினன், தம்பியின்ர கதையை மட்டும் அவவின்ர காதுக்குள்ள சொன்னன். கோவப்படுவினம் எண்டு பாத்தால் ஐயா வயிறு குலுங்கச் சிரிச்சார்.

"சீனித் தண்ணி குடுங்கோ, கெதியா! நஞ்சு முறியும்" எண்டு அம்மா கத்தினா.

"ஏனுங்கம்மா, எனக்குச் சக்கர வியாதிங்க. இஞ்சியில சாகாட்டியும் அதுல செத்துப்போவனுங்க."

சொல்லிப்போட்டுக் கையைக் கழுவி, வழமை போலக் கட்டில்ல சாய்ஞ்சிட்டார். அம்மா போகமாட்டன் எண்டிட்டா. ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில போட்டு, அந்த மனுசன்ர முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தா. ஐயா குறட்டை விட்டால் அம்மா மூச்சு விடுவா. குறட்டை நிண்டால் எழும்பிப் போய் மூக்குக்குக் கீழ விரலை வைப்பா. ஒருக்கா விரல் மூக்கில இடிச்சு ஐயா முழிச்சிட்டார்.

"நா இன்னும் சாகுலீங்க. தூங்க உடுங்க" எண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

எனக்கு வெக்கத்தில தலை நிமிர முடியேல்லை. ஐயாவின்ர மனுசி எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து தந்தா. நல்ல காலம், இஞ்சி போடேல்லை. பிறகு நிலத்தில இருந்து பூண்டு உரிச்சுக்கொண்டு சாதாரணமாச் சொன்னா:

"நா கல்யாணமாகி இந்த ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து இஞ்சி போட்டுத்தானுங்க இந்தக் கெழங்கச் செய்யறன். எங்க மாமியா அப்புடித்தான் சொல்லிக் குடுத்தாங்க. எம் பசங்களுக்கும் அதத்தான் ஊட்டுனன்."

"பிள்ளையளுக்குமோ?" எண்டு கேட்டா அம்மா.

"ஆமாங்க. பல்லு மொளச்ச ஒடனே."

"ஒண்டும் செய்யேல்லையோ?"

"ஒண்ணும் பண்ணுலீங்க. ஒருத்தன் எக்ஸ்போர்ட் கம்பெனில மேனேஜருங்க. இன்னொருத்தன் கோயமுத்தூர்ல இருக்கறானுங்க. ரெண்டும் பனைமரமாட்ட நிக்குது."

அம்மா திரும்பி ஐயாவைப் பாத்தா. வெயில் தாழ்ந்திட்டுது. அந்த மனுசன்ர வயிறு ஏறி இறங்கிக்கொண்டு இருந்தது. அம்மா அதையே பாத்துக்கொண்டு இருந்தா. பிறகு என்ர கையைப் பிடிச்சா, மெல்லமாக் கேட்டா.

"அப்ப தம்பி என்னத்தால செத்தவன்?"

"காய்ச்சல் அம்மா" எண்டன். "காய்ச்சல்தான்."

இதே சொல்லை எத்தினையோ வருசமாச் சொல்லிக்கொண்டு இருக்கிறன். அண்டைக்குத்தான் அம்மா கேட்டா. கேட்டதும் கதிரையில இருந்து வழுகி நிலத்தில குந்தி, கட்டில் காலைப் பிடிச்சுக்கொண்டு ஒப்பாரி வச்சு அழத் தொடங்கினா. தம்பி செத்த அண்டைக்குச் சத்தம் போட்டு அழ விடேல்லை, ஒளிச்சிருந்த இடம். அந்த அழுகை முழுக்க இந்த வீட்டுக்குள்ள வந்து விழுந்தது. நானும் சேர்ந்து அழுதன். பூண்டு உரிச்சுக்கொண்டிருந்த அந்த மனுசியும் அழுதா.

ஐயா துள்ளி எழும்பினார். சுத்திவர மூண்டு பொம்பிளையள் இருந்து அழுகினம். மனுசனுக்கு முகம் வெளிறிப் போச்சு. நெஞ்சைத் தடவிப் பாத்தார், வயித்தைத் தடவிப் பாத்தார்.

"ஏனுங்க, நாஞ் செத்துட்டனா?" எண்டு கேட்டார்.

அழுத அழுகையில எனக்குச் சிரிப்பு வெடிச்சிட்டுது. அம்மாவுக்கும்தான். மூக்கைச் சீலைத் தலைப்பில துடைச்சுக்கொண்டு, "இல்லை ஐயா, நீங்கள் நல்லா இருப்பியள்" எண்டு அவரின்ர காலைத் தட்டிக் குடுத்தா. மனுசிக்காரி விசயத்தைச் சொல்ல, ஐயா எழும்பி முகத்தைக் கழுவினார். துடைச்சுக்கொண்டே, "நாளைக்குச் சந்தைக்கு அம்மாளையும் கூட்டியா" எண்டார்.

அடுத்த நாள் பின்னேரம் சாக்கை விரிச்சம். அம்மா முதல் வேலையாப் பறிச்சு வச்ச இஞ்சியெல்லாத்தையும் பக்கத்துக் கடைக்காரரின்ர சாக்கில கொட்டிவிட்டா. அவர் நம்பாம ஒவ்வொண்டாப் பிரட்டிப் பாத்தார். கம்பெனி விட்டுது. சனம் வந்தது. ஒரு பெட்டை, ஐடி கார்டு இன்னும் கழுத்தில தொங்குது, இடுப்பில ஒரு சின்னப் பொடியன், பையை நீட்டினாள். பைக்குள்ள மேலயே இஞ்சி. "போன தடவ தர மாட்டேன்னுட்டீங்க, இன்னிக்காச்சும் தாங்கம்மா" எண்டாள்.

அம்மா பைக்குள்ள கை விடேல்லை. கையை நீட்டி அந்தப் பொடியன்ர நெத்தியில புறங்கையை வச்சா. கழுத்தில வச்சா. திரும்ப நெத்தியில வச்சா. பொடியன் சிணுங்கினான், பின்னால நிண்ட சனம் முணுமுணுத்தது, யாவாரம் திரும்ப நிண்டு போச்சு. நான் சனத்தைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னன்.

"சூடு இல்லை" எண்டு சொல்லி, அம்மா நல்ல கிழங்காப் பாத்துப் பொறுக்கி இஞ்சிக்கு மேலயே போட்டா.