மடியில் இருக்கும் பை

கையால் செய்த பழைய கொங்கா மேளத்தை வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்யும் தப்பு, பார்த்ததும் தட்டுவது. இடுப்பு உயரத்துக்கு நிற்கும் அந்தக் கொட்டு கண்ணில் பட்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. பழைய கொட்டுகளைச் சோதித்துச் சொல்லும் டொக்கு மாஸ்டருக்கு மட்டும் சும்மா இருக்கும். அவர் அதைப் படுக்கவைத்து, அடித் திறப்புக்குள் தலையை விட்டு முதலில் மோந்து பார்ப்பார். பூஞ்சை வாடை அடித்தால் தண்ணீரில் நனைந்தது. புதுப் பெயின்ட் வாடை அடித்தால் எதையோ மறைக்கிறார்கள். அடுத்தது டார்ச். பீப்பாய் மாதிரி பலகைகளை வளைத்து ஒட்டிய பொருள். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே விளக்கைப் போட்டால், ஒட்டு விட்ட இடத்தில் வெளிச்சம் கோடாகக் கசியும். பிறகு தோல் உட்காரும் வாயை ஒரு நூலால் குறுக்கும் நெடுக்கும் அளப்பார். அளவு ஒத்துப்போகாவிட்டால் கோணிவிட்டது. இத்தனைக்கும் பிறகுதான் விரல்முட்டியால் சுற்றிவர டொக்கு டொக்கு என்று தட்டுவார். பெயர் வந்தது அதனால்தான்.

பிழைப்பு கதவு, ஜன்னல் செய்வது. கொட்டுப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. அவர் “வாங்கலாம்” என்று சொன்னால்தான் வாசிக்கிறவர்கள் சட்டைப்பையில் கையை விடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காக மனிதர் வாரமெல்லாம் ஞாயிறை எதிர்பார்த்துக் கிடப்பார். ஜன்னல் செய்கிறவனை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? சரியாக மூடாத அன்றைக்குத்தான் ஞாபகம் வரும்.

அந்த மதிப்புக்கு வேட்டு வைத்தது அவருடைய மர அறுவை மெஷினேதான். முப்பது வருஷம் பக்கத்தில் நின்று அறுத்ததில் காது போய்விட்டது. முழுதாகப் போகவில்லை. பெரிய சத்தமெல்லாம் கேட்கும். மெல்லிசாக வருவது கேட்காது. கொட்டில் ஒட்டு விட்டிருந்தாலோ இரும்புப் பட்டை தளர்ந்திருந்தாலோ, தட்டும்போது ஒரு இரைச்சல் வரும்; அந்தப் பாழாய்ப்போனது மெல்லிசாகத்தான் வரும்.

வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது, வழி சொன்னவள் மனைவி. தையல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவள். நாற்பது மெஷின் ஓடுகிற ஹாலில், எந்த மெஷினில் திருகு தளர்ந்திருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லுவாள். அன்றிலிருந்து ஐந்து வருஷமாக அவளும் கூடவே போகிறாள். வேலையற்று வந்தவள் மாதிரி மூலை நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். பை மடியிலேயே இருந்தால் கொட்டு சுத்தம். தரையில் இறங்கினால் கோளாறு. ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு போனது, தன் கொட்டை விற்க நினைத்த ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு. வாங்க வந்தவள் பஸ் கண்டக்டர். டிப்போ இசைக்குழுவில் நாலு வருஷமாக இரவல் கொட்டில் வாசித்துக்கொண்டே பணம் சேர்த்தவள். சொந்தமாக வாங்கப்போவது இதுதான் முதல் தடவை. டாக்டரின் மனைவி ரொம்பத் தங்கமான மனுஷி. வந்தவர்கள் கையில் டீயைக் கொடுத்தாள். மாஸ்டரின் மனைவியிடம், மடியில் எதற்குச் சுமை என்று சொல்லிப் பையை வாங்கி உள்ளறை அலமாரியில் வைத்துவிட்டாள். உபசாரத்தை எப்படி வேண்டாம் என்பது?

மாஸ்டர் உள்ளே மோந்து பார்த்தார். பூஞ்சை இல்லை, பெயின்ட் இல்லை. லேசாகக் கிராம்பு வாடை. பல் டாக்டர் வீட்டில் வேறென்ன வாடை அடிக்கும் என்று விட்டுவிட்டார். டார்ச் போட்டார், பொட்டு வெளிச்சம் கசியவில்லை. நூல் அளவு அச்சாக ஒத்துப்போனது. ஸ்பேனரால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கித் தோலை இறுக்கி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, மூலையைப் பார்த்தார்.

மனைவி டீக் கப்பைத் தரையில் வைத்தாள். அவரையே பார்த்துக்கொண்டு, நன்றாகத் தெரியும்படி வைத்தாள்.

டீ குடித்து முடித்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர். கண்டக்டர் பக்கம் திரும்பி, “சுத்தமான சரக்கு, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்மா” என்றார்.

கண்டக்டரின் முகம் மலர்ந்தது. பணத்தை எடுக்கக் குனிந்தாள். மாஸ்டரின் மனைவி நாற்காலி நுனிக்கு வந்தாள். வாயைத் திறந்தால் புருஷன் மானம் போகும். திறக்காவிட்டால் இந்தப் பெண்ணின் நாலு வருஷம் போகும்.

“வாங்காதம்மா. இரையுது” என்றாள்.

எழுந்து வந்தாள். அவரை மறுபடி தட்டச் சொல்லிவிட்டு, கொட்டின் உடம்பில் விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் அழுத்தினாள். “இப்ப நின்னுடுச்சு” என்றாள். எடுத்தாள். “இப்ப இரையுது.” மாஸ்டர் அந்த இடத்தை நகத்தால் கீறினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. மோந்து பார்த்தார். கிராம்பு.

டாக்டர் கூசிப்போனார். ஒட்டு லேசாக விட்டிருந்ததால், கிராம்பு எண்ணெயில் குழைத்துப் பல்லுக்கு அடைக்கிற சிமென்ட்டை வைத்து உள்ளும் புறமும் தானே அடைத்து, மேலே மரநிற மெழுகைத் தேய்த்ததாகச் சொன்னார். அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நிஜமாகவே நம்பியிருக்கிறார், பாவம். ஓட்டையைக் கண்டால் அவருக்கும் கை சும்மா இருக்காது. ஆனால் தோலை இறுக்கும்போது பலகை விலகத்தானே செய்யும்? பல் விலகாது.

பிறகு டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்: “தட்டினப்ப உங்களுக்குக் கேக்கலையா மாஸ்டர்?”

மனைவி முந்திக்கொண்டாள். “ரெண்டு நாளா அவருக்குச் சளி...”

“சளி இல்ல” என்றார் மாஸ்டர். ஸ்பேனரைத் துணியில் துடைத்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார். “மெல்லிசா வர்ற சத்தம் எனக்குக் கேக்காது. அஞ்சு வருஷமாச்சு. இவ கேட்டுச் சொல்றதைத்தான் நான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

கண்டக்டர் பணத்தைத் திரும்ப உள்ளே வைத்தாள். அலமாரியிலிருந்து பை வந்தது.

பஸ்ஸில் வரும்போது, இனி ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையைத் திறக்கலாம் என்றார் மாஸ்டர். தன் வாயாலேயே அவருடைய ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிவிட்டோமே என்று மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று நாள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் தவிர வேறு பேச்சில்லை.

புதன்கிழமை போன் வந்தது. அவருக்குப் போனில் சரியாகக் கேட்காது என்பதால் எப்போதும் அவள்தான் எடுப்பாள். பேசிவிட்டு வந்து, கண்டக்டர் பெண் வேறொரு கொட்டு பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள்.

“அவளுக்கு வேற ஆளே கிடைக்கலையா?” என்றார் மாஸ்டர்.

“ரெண்டு பேரையும் வரச் சொல்றா. ஒருத்தர் மட்டும் வந்தா வேணாமாம்.”

அவர் போய் டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டார்.

ஞாயிறு காலை நூலும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர், அவளைப் பார்த்து நின்றார். அவள் வெறுங்கையோடு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“பை எங்கே?” என்றார்.

“அதுக்கு இனிமே என்ன வேலை?” என்று சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் படியிறங்கினாள்.