மைதீனுக்கு ஒரு சாட்சி

மேலப்பாளையத்தில் டாக்சி ஓட்டும் முகம்மது மைதீன் வாயைத் திறந்தால் புளுகுதான். ஆற்றில் கால் நனைத்துவிட்டு வெள்ளத்தில் நீந்தினேன் என்பார். துபாயில் லாரி ஓட்டிவிட்டு ஷேக்குக்கே யோசனை சொன்னேன் என்பார். அப்படிப்பட்ட ஆளை யார் நிக்காஹுக்குச் சாட்சியாகப் போடுவார்கள்? சொந்தத்தில் ஒருவரும் போட்டதில்லை. அந்த வருத்தம் மனுஷனுக்கு நிறையவே உண்டு.

தங்கை மகள் அர்ஷியாதான் ஒற்றைக்காலில் நின்றாள். "எனக்கு மாமாதான் சாட்சி."

"நேரத்துக்கு வரட்டும். கதை விட்டா வேற ஆளப் போட்டுருவேன்" என்றார் அவள் வாப்பா.

கல்யாணத்தன்று காலையில் பத்தமடைக்குக் கிளம்பினால், கார் கர்ர் கர்ர் என்று சுற்றுகிறதே தவிர பிடிக்கவில்லை. மைதீனுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்துத் தெரு மெக்கானிக் ஞானசிகாமணி ஓடிவந்து கருவியை மாட்டிப் பார்த்தான்.

"பாய், உங்க நிக்காஹ் மாதிரிதான், இஞ்சின் கம்ப்யூட்டருக்கும் ரெண்டு சாட்சி வேணும். பிஸ்டன் மேல வந்துட்டுன்னு கிராங்க் சென்சார் சொல்லும். ஆனா பிஸ்டன் ஒரு தடவ பெட்ரோல எரிக்க வரும், மறுதடவ புகையத் தள்ள வரும். இப்ப எதுக்கு வந்திருக்குன்னு கேம் சென்சார் சொல்லணும். ரெண்டு பேச்சும் ஒத்துப்போனாத்தான் தீப்பொறி. இங்கன கேம் சென்சார் வாய்க்கு வந்தத உளறுது."

"என் வண்டியிலயா புளுகு?" மைதீன் கொதித்தார்.

சிகாமணி கையை உள்ளே விட்டு எதையோ பிய்த்தெடுத்தான். துபாயிலிருந்து கொண்டுவந்த காந்த ஒட்டகப் பொம்மை! கல்யாண வீட்டுப் பிள்ளைகள் பிடுங்கிவிடுமே என்று முந்தின நாள் மைதீனே பானட்டுக்குள் ஒளித்துவைத்தது. வேறு இடமே கிடைக்காத மாதிரி சென்சாரின் போல்ட்டில் அதை ஒட்டிவைத்திருந்தார்.

"காந்தத்த வச்சுதான் அது கணக்குப் பாக்குது. பக்கத்துல இன்னொண்ண ஒட்டுனா அது என்ன செய்யும், பாவம்?"

ஒட்டகம் போனதும் கார் உடனே பிடித்தது. "ஏறுலே, பிரியாணி உண்டு" என்று சிகாமணியையும் ஏற்றிக்கொண்டு பறந்தார்.

பள்ளிவாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். அர்ஷியாவின் வாப்பா முறைத்தார். "ஏன் இவ்வளவு நேரம்?"

மைதீன் வாழ்க்கையில் முதல்முறையாக உள்ளதைச் சொன்னார். "கையளவு ஒட்டகம் ஒண்ணு காரை நிறுத்திட்டு, மச்சான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மச்சான் வேறு ஆளைத் தேடித் திரும்பினார்.

"நெசந்தான். நானும் பாத்தேன்." வாசலில் நின்ற சிகாமணி சட்டைப்பையிலிருந்து ஒட்டகத்தை எடுத்து நீட்டினான்.

நிக்காஹ் நடத்திவைக்க வந்திருந்த ஹஜ்ரத் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒண்ணுபோலச் சொல்லுதாங்க. உக்காருங்க மைதீன் பாய்."

கையெழுத்துப் போடும்போது அவருக்குக் கண் கலங்கியது.

பிரியாணி வருவதற்குள் அந்த ஒட்டகம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, காரை முட்டித் தள்ளியும் விட்டது. "கேளுங்க இவன்கிட்ட" என்று மைதீன் கையைக் காட்டினார். சிகாமணி தலையை நிமிர்த்தாமல் எலும்பு கடித்துக்கொண்டிருந்தான்.