ஆபரேஷன் பின்னல்

இங்கே மெல்போர்னில் காலை எட்டு மணிக்கெல்லாம் வீடு காலியாகிவிடும். மகன் செந்திலும் மருமகள் திவ்யாவும் வேலைக்குக் கிளம்பியபிறகு நான் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தலை பின்ன ஆரம்பிப்பேன். என் வலது கை தோளுக்கு மேலே ஏறாது. உள்ளே சவ்வு இறுகிவிட்டதாம். ஒற்றைச் சடை போட இரண்டு கையும் பிடரிக்குப் போகவேண்டும். கொண்டைக்கும் அப்படித்தான். திவ்யா வாங்கித் தந்த பெரிய கிளிப் என் முடியில் நிற்காமல் வழுக்கி விழுகிறது. சில நாள் அவளே பின்னிவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிற அவசரத்தில் குப்பைப் பையின் வாயைக் கட்டுகிற மாதிரி இருந்தது. அதற்குமேல் கேட்க எனக்குக் கூச்சம். அதனால் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்வரை நடுவகிடு எடுத்து, முடியை இரண்டாகப் பிரித்து, முன்னால் இழுத்துப் போட்டு நானே பின்னிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் காதை ஒட்டிக் கெட்டியாக ஆரம்பிக்கும். வலது பக்கம் கழுத்துக்குக் கீழே, தொளதொளவென்று. அவிழ்த்து மறுபடி போட்டாலும் அதே கதைதான்.

தாம்பரம் பக்கத்துப் பெண்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தவிர வேறு யாராவது ரெட்டைப் பின்னலோடு நின்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ உள்ளே கொண்டுபோகும் முன் ஆயாம்மா வந்து தோடு, வளையலைக் கழற்றச் சொல்லிவிட்டு, தலையை இரண்டாகப் பின்னி விடுவார். மல்லாந்து படுத்தால் பின்னந்தலையில் சடை உறுத்தக்கூடாது. செந்தில் பிறக்க இருந்தபோது ஆயாம்மா வருவதற்குள் சரோஜா சீப்பை எடுத்துவிட்டாள். சரோஜா என் கொழுந்தன் மனைவி. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருந்தோம். "ஆயா இசுத்து இசுத்துப் பின்னும்க்கா, நோவும். நானே போட்டுடறேன்" என்றாள். இரண்டு பக்கமும் ஒரே உயரம், ஒரே பருமன். அந்த வலியிலும் நான் இரண்டையும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மெல்போர்ன் கண்ணாடியில் தெரிந்தவளும் ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருந்தவள்தான். தினமும் தயாரானாள், யாரும் வந்து கூட்டிப்போகவில்லை.

பக்கத்து வீட்டு ஹெலனுக்கு என்னைவிட வயது அதிகம். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் தலையைக் காட்டி "கார்ஜியஸ்" என்றாள். நான் படித்தது ஐந்தாவது வரை. கேலி செய்கிறாள் என்று நினைத்து, தோளைத் தொட்டுக் காட்டி "பெயின், பெயின்" என்றேன். அவள் முகம் வாடிப்போய், உள்ளே போய் வலி மாத்திரை கொண்டுவந்து நீட்டினாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு என் கையில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் செந்திலிடம் கேட்டேன். "அழகா இருக்குன்னு சொல்லியிருக்காங்கம்மா" என்று சிரித்தான். பிறகு போனைப் பார்த்துக்கொண்டே, "இவ்ளோ கஷ்டப்படறதுக்கு கட் பண்ணிடேன்மா. இங்க வயசானவங்க எல்லாரும் ஷார்ட்டாதான் வெச்சிருக்காங்க" என்றான். அவன் அப்பா போனபோதுகூட என் முடியில் கைவைக்கச் சொன்னவர்கள் யாரும் இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். திரும்பி வருவதில்லை என்பது எனக்குள் வைத்திருந்த முடிவு. ராஜகீழ்ப்பாக்கம் வீட்டின் பின்கட்டு அறை என் பெயருக்கு இன்னும் இருந்தது. அங்கே போய் இருந்துவிடவேண்டும். அதைச் சரோஜாவிடம் எப்படிச் சொல்வது என்று விமானம் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சரோஜாவின் மகன் முருகன்தான் ஏர்போர்ட்டுக்கு வந்தான். வீட்டுக் கேட்டில் அவன் பெட்டியை இறக்கும்போது சரோஜா தண்ணீர்ச் சொம்போடு வாசலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தலையைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா இது. எந்த ஆஸ்பத்திரி? இன்னிக்கேவா?"

"ஒண்ணும் இல்ல சரோஜா. தோள் பிடிப்பு, கை ஏறல. அதான் இப்படி."

"பெரியவருக்கும் அல்சருன்னுதான் கடசி வரிக்கும் சொல்லிகினு இருந்த."

என் கணவருக்கு வந்த வியாதியின் பெயரை வெளியில் சொல்லவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், நாங்கள் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என்ன வியாதி என்று சொன்னாலும் யாரும் நம்புவதில்லை போலிருக்கிறது.

மறுநாளே தெரு வந்துவிட்டது. ஆப்பிள் வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது. மாவுக்கடைக் குமாரி கூடத்தில் உட்கார்ந்து, எனக்குக் காது கேட்காது என்பதுபோலப் பேசினாள். "ஃபாரின்ல இல்லாத டாக்டரா இங்க கீறான்? புள்ள கைவுட்டுட்டான். மூஞ்சியப் பாத்தாத் தெரியல?" பக்கத்தில் இருந்தவள் அவளை இடித்து, "மெதுவாப் பேசு. அவங்களுக்கு ஆபரேஷன் காதுல இல்ல" என்றாள். குமாரி என் பக்கம் திரும்பி, "திருநீர்மலைப் பெருமாளுக்கு வேண்டிக்கினு கீறேன்க்கா. மலை ஏறி வரேன்னு. நீ ஏற வேணாம், நான் ஏறறேன். நீ படுத்துகினு இரு" என்றாள். நான்கு பேர் ஒன்றாகப் பார்த்தால் எனக்குக் குரல் வராது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். தலையாட்டினேன். தலையாட்டினதும் அது உறுதியாகிவிட்டது. நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். சரோஜா இந்த இரண்டையும் அவிழ்த்து ஒற்றைச் சடையாகப் போட்டுவிட்டால் பேச்சு தானாக அடங்கும். ஆனால் அவள் பக்கத்தில் வருவாள், கையை நீட்டுவாள், "தொட்டா இன்னா ஆவுமோ" என்று விலகிக்கொள்வாள்.

அன்று மத்தியானம் முருகன் வராந்தாவில் நின்று என் மகனோடு போனில் பேசினான். கூடத்தில் இருந்த எனக்கும், சமையலறையில் இருந்த சரோஜாவுக்கும் நன்றாகக் கேட்டது.

"மறைக்காம சொல்றா செந்திலு... சரி, தோளுன்னே வெச்சிக்கோ. திரும்புற டிக்கெட் எப்போ? இல்லடா, எங்கம்மாவுக்கும் சுகர் கீது. பாட்டி படுக்கையில கெடந்தப்போ எங்கம்மாதான் அள்ளிக் கொட்னாங்க. இன்னொரு தபா அவங்களால முடியாதுடா. பெரியம்மாவ நீதான் பாத்துக்கணும்."

எங்கள் மாமியாருக்கு நானும்தான் செய்தேன். முருகனுக்கு அப்போது விவரம் தெரியாத வயது. எழுந்து சமையலறைக்குப் போனேன். சரோஜா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் இங்கேயே இருந்துடறேனே சரோஜா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் தலையைத் தூக்கவில்லை.

"அங்க மிஷினுங்க எல்லாம் நல்லா கீதாமேக்கா. அங்கயே பாத்துக்க."

"ஆமாம்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஊரை விட்டு வந்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். கையும் காலும் நன்றாக இருக்கிறவரை அது உண்மை. ஆப்பிள் கொண்டுவர எல்லாரும் வந்தார்கள். இரு என்று சொல்ல ஒருவர் இல்லை. இங்கே மெல்போர்னில் இருப்பவர்களுக்கு நான் வேலைக்கு ஆகாதவள், அங்கே ஊரில் இருப்பவர்களுக்கு வேலை வைத்துவிடுவேனோ என்கிறவள். சரோஜா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது தெரிகிறது, இருக்கிறது.

கிளம்புகிற அன்று அவள் எண்ணெய்க் கிண்ணமும் சீப்புமாக வந்து "உக்காரு" என்றாள். தெருவைப் பார்த்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நான் போட்டிருந்த கோணல் பின்னல் இரண்டையும் அவிழ்த்தாள். ஒன்றாகச் சேர்த்து வாரினாள். நிதானமாக, உச்சந்தலை இழுபடும்படி பின்னினாள். இடையில் ஒருமுறை, "நோவுதாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

நொந்தது. நுனியில் ரப்பர் பேண்ட் போட்டு முடித்து, சடையை என் முதுகில் விட்டுவிட்டு உள்ளே போனாள். கார் திரும்பும்போது குமாரி ஓடிவந்து, "தகிரியமா இரு, ஒண்ணும் ஆவாது" என்றாள்.

மெல்போர்ன் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. திவ்யா மெதுவாகத்தான் சொன்னாள். "அத்தை, தலையணையெல்லாம் எண்ணெய் வாசனை. தலைக்குக் குளிச்சுடுங்களேன்." நாளைக்கு என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். சடையின் கீழ்ப்பாதி தளர்ந்து பிரிந்துகொண்டே வருகிறது. அதைத் தோளுக்கு முன்னால் கொண்டுவர முடியும், வலது கையும் அந்த உயரத்துக்கு எட்டும். ஆகவே தோள்வரைக்கும் மட்டும் அவிழ்த்து, சிக்கெடுத்து, மறுபடி பின்னிக்கொள்கிறேன். மேலே இருப்பது அவள் போட்டது. கீழே இருப்பது நான் போட்டது. எந்த இடத்தில் அது முடிந்து இது தொடங்குகிறது என்று விரல் வைத்தால் தெரிகிறது, ஒரே சடைதான், இரண்டு கை. தலை அரிக்கிறது. மேலே அவிழ்க்கவில்லை.