இரண்டு கைக்கு எட்டாத தூண்

என் கணவரின் அண்ணன் சேலத்தில் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குப் போனதுதான் என் நிம்மதி.

ராசிபுரத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தோம். அண்ணன் தம்பி இருவருமே பட்டு நெய்பவர்கள். முன்கூடத்தில் இரண்டு சன்னல், சன்னலுக்கு ஒரு தறி, முகப்புக்கு மெல்லிய மரத்தூண் என்றுதான் பேச்சு. பஸ் ஏறிச் சேலம் போன பெரியவர், அங்கே ஒரு வியாபாரி வீட்டு வாசலில் நின்றுவிட்டாராம். உருண்டைத் தூண், உச்சியில் இலைக்கொத்து, சாந்துப் பூச்சு கண்ணாடியாக மின்னியதாம். ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கட்டிப்பிடித்து அளந்திருக்கிறார். இரண்டு கையும் எட்டவில்லை. எட்டாத தூண்தான் நம் வீட்டுக்கும் வேண்டும் என்று வந்து நின்றார்.

நல்ல கொத்தனார்கள் எல்லாம் மேட்டூர் அணை வேலைக்குப் போயிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தவர், தூண் உச்சியில் கிளி வைக்கட்டுமா தாமரை வைக்கட்டுமா என்று கேட்டே ஆடி மாதத்தை ஓட்டினார். தாமரை என்று முடிவாயிற்று. கிளி வைத்திருந்தால் அதுவாவது எனக்காகப் பேசியிருக்கும்.

தூண் ஆள் உயரம் எழும்பியதும் ஒரு காலையில் கூடத்துக்குள் போய் நின்று பார்த்தேன். எங்கள் வாசற்கதவு நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கியது. கொத்தனாரோ தெருவிலிருந்து பார்த்தால் சரிசமமாக இருக்க வேண்டும் என்று முகப்பைப் பங்கு போட்டு இரண்டு தூணை நிறுத்திவிட்டார். ஒன்று கதவோரம் வந்தது. மற்றது ஒரு சன்னலுக்கு நேர் எதிரே. கிழக்கு வெளிச்சம் முழுவதும் அதன் முதுகோடு நின்றுவிட்டது.

பட்டு இழை, அதில் சரிகைக் கரை. இருட்டில் அறுந்த இழையை எப்படிக் கண்டுபிடிப்பது? நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழியைத் தோண்ட மூத்தவர்தான் முதலில் இடம் பிடிப்பார், அது எங்களில் வழக்கம். அப்படியானால் இருட்டு என் கணவர் தலையில்தான். அவருக்கு ஏற்கெனவே பார்வை மட்டு.

கணவரின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவதும் எங்களில் கிடையாது. கணவரிடம் சொன்னேன். "அண்ணன் பாத்துக்குவாரு, சும்மாரு" என்றார். பெரியவரின் மனைவி, என் ஓரகத்தியிடம் இரண்டு தடவை சொன்னேன். கடைசியில் பெரியவர் காதில் விழட்டும் என்று கொத்தனாரிடம், தெருவில் போகிறவனுக்குத் தூண், நெய்கிறவனுக்கு என்ன என்று கேட்டேன். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தாமரைக்கு இன்னும் நாலு இதழ் கூட்டச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பில் உலை கொதிக்கும்போதே எழுந்து வாசலுக்கு வந்து அந்தத் தூணை முறைத்துவிட்டுப் போவேன்.

குடி புகுந்த மறுநாள் விடிந்ததும் கணவரை எழுப்பி, கையில் கடப்பாரையைக் கொடுத்துக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். நல்ல சன்னலடியில் நாங்கள் முந்திக்கொள்ள வேண்டும். பெரியவர் எங்களுக்கு முன்னே வந்துவிட்டார். தூண் மறைத்த சன்னலடியில், முழங்கால் ஆழக் குழிக்குள் நின்று மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற ஓரகத்தியிடம் சொன்னார். "தூணு வேணும்னு ஆசப்பட்டது நானு. அதோட நெழல்ல நானே ஒக்காந்துக்கறேன். தம்பிய அந்தச் சன்னலுக்குப் போவச் சொல்லு."

என் கணவர் எவ்வளவோ மறுத்தும் விடவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். திட்டுவதற்கு நாள்கணக்காகச் சேர்த்துவைத்த சொற்களோடு வெறுமனே நின்றேன்.

சரிகைக் கரை போடுவதில் பெரியவரை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. கொஞ்ச காலம் அந்த இருட்டில் இழையோடு மல்லுக்கட்டினார். பிறகு பட்டை விட்டுவிட்டுப் பருத்தித் துண்டு நெய்ய ஆரம்பித்தார். அதற்கு அவ்வளவு வெளிச்சம் தேவையில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நூல் சுற்ற உட்கார்ந்தால் கண் அந்தப் பக்கமே போகும், எழுந்துவிடுவேன்.

ஒரு நாள் வழக்கத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டு நேராக அவர் முன்னால் போய், "எடத்த மாத்திக்குங்க மாமா" என்றேன்.

தறியை நிறுத்தினார். முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தூணு நல்லா இருக்குதில்ல சாமி?"

நல்லா இருக்குதுங்க என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.