பிரேமுக்குள் அடங்காதது

“போன் படம் நீளம் அக்கா, இந்தப் பிரேமுக்குள்ள அடங்காது. ஓரத்தை வெட்டட்டோ?” என்று மன்னார் ஸ்டூடியோவில் வேலை செய்யும் பிள்ளை கேட்டாள்.

நான் சின்னவளாய் இருக்கையில் பேசாலையில் எடுத்த எங்கள் குடும்பப் படமும் நீளம்தான். கோயில் பெருநாள் கடையில் அம்மா முதலே வாங்கி வைத்திருந்த பிரேமோ சதுரம். அதற்குள் அடக்க, ஓரத்தில் நின்ற அப்பாவை ஸ்டூடியோக்காரர் வெட்டிவிட்டார். அம்மாவின் தோளில் அப்பாவின் கை மட்டும் மிஞ்சியது.

அப்பா சிரித்தார். “நான் வீட்டில இருக்கிறன்தானே, படத்தில ஏன்?”

அந்த மாரியில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. நெகட்டிவ் இருந்த ஸ்டூடியோவும் சண்டைக்கால ஷெல்லடியில் எரிந்தது. சாகும்வரை அம்மா அந்தக் கைக்குத்தான் மெழுகுதிரி கொளுத்தினார்.

“வெட்டாதேங்கோ பிள்ளை. மேலும் கீழும் வெள்ளை விழுந்தால் விழட்டும்” என்றேன்.

போன் படத்தில் ஓரத்தில் நிற்பவன் என் மகன். அவனும் கடலுக்குத்தான் போகிறான்.