ஒட்டிய குரல்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவனுக்குப் பெயரே ‘கத்திரி’தான். குரலை வெட்டி ஒட்டுவதில் அவ்வளவு கெட்டிக்காரன். வாய்க்கொழுப்பும் அதே அளவு. ஒலிப் புத்தகங்களுக்குக் கதை வாசிப்பவள் அவனுடைய அக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன்.

‘சூடு’ என்று சொல்லப் போகும்போதே உதடு குவிந்துவிடும். ‘ஊ’ வருவதற்கு முன்பே அந்தக் குவிப்பு ‘ச’வில் ஏறி, அதன் சீறலைத் தணித்துவிடும். ‘சாவி’யின் ‘ச’ அப்படியல்ல, கூரானது. அதை வெட்டி ‘சூடு’க்கு முன்னால் ஒட்டினால் அவன் காதில் முள்ளாய்க் குத்தும்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒட்டே போடாத இடத்தில் அந்த முள் குத்தியது. அக்காவின் ‘சூ’ கூராகச் சீறியது.

“உதட்டக் குவிச்சுச் சொல்லுக்கா. மாமாவத் திட்டும்போது மட்டும் நல்லாக் குவியுதுல்ல?”

“போடா, தூக்கம் பத்தல” என்று சிரித்தாள்.

மறுபடி சொன்னாள். மறுபடி அதே சீறல். வேலை முடிய வேண்டுமே! பழைய பதிவிலிருந்து நல்ல ‘சூ’ ஒன்றை எடுத்து ஒட்டினான். கனகச்சிதம். குப்பை சேரக் கூடாதென்று மூலப் பதிவை அழித்தான். அது அவன் வழக்கம். பிறகு ‘தூ’ கெட்டது, அப்புறம் ‘கூ’. எல்லாவற்றையும் சரிசெய்தான்.

“உங்கக்கா குரலுக்கு வயசே ஆகலப்பா!” என்றார் முதலாளி. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் இடைவேளையில் அக்கா டீயை ஊதினாள். காற்று உதட்டோரங்களில் கசிந்தது. டீயில் ஆடை கூட அசையவில்லை. “ஆறட்டும்” என்று டம்ளரைக் கீழே வைத்தாள். அவன் என்னவென்று கேட்கப் பயந்து, மழையைப் பற்றிப் பேசினான்.

சில வாரங்களில் மாமா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்.

“மாப்ளே, நரம்புக் கோளாறாம். எப்ப ஆரம்பிச்சுது, எவ்ளோ வேகமா ஏறுதுன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் மருந்த முடிவு பண்ணுவாராம். உங்கக்காவுக்குச் சொல்லத் தெரியல. நீ பதிவு பண்ணதக் கேட்டாப் புரிஞ்சுடும்னார். எல்லாம் இருக்குல்ல?”

“இருக்கு மாமா.”

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தான். மழைக்கு முந்தையது, மழைக்காலத்தது, போன வாரத்தது. எல்லாப் பதிவிலும் அக்கா ஒரு குறையும் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.