எங்க நைனா ஓடிப் போனவரு இல்ல

எங்க அண்ணன் போயி ஒரு வருசம் ஆவுது. எனக்கு எழுத வராது. இந்த நெனைவுப் புஸ்தகத்துக்கு நான் சொல்லச் சொல்ல மருமவ எழுதிக்கினு கீறா.

அண்ணன் பொறந்தது ஆர்.கே.பேட்டை பக்கம். கும்மிடிப்பூண்டில இரும்பு உருக்குற கம்பெனில ஃபர்னஸ் முன்னாடியே தலை நரைச்சிது. சூடு தாங்குதான்னு கேட்டா, "நைனா பூமிக்குள்ளயே எறங்குனாருடா, இது இன்னா சூடு?"ம்பாரு.

நான் கைக்கொழந்தையா இருக்கசொல நைனா தெலுங்கு சீமைக்கு, சொரங்கத்துல கரி வெட்டப் போனாரு. கொஞ்ச நாள்ல கடுதாசி நின்னு போச்சி. "அங்க ஒருத்தியோட குடும்பம் நடத்துறான்"னு பங்காளிங்க சொன்னாங்க. தாலிய அறுக்கறதா வெச்சிக்கறதான்னு தெரியாமலே அம்மா போய்ச் சேந்தாங்க. அவங்க கருமாதி பத்திரிகைல நைனா பேரப் போட பங்காளிங்க உடல.

ரிட்டயர் ஆன கையோட அண்ணன் என்னையும் இட்டுக்கினு ரயில் ஏறிட்டாரு. அங்க சொரங்க ஆபீஸ்ல பழைய ரெஜிஸ்டரப் பொரட்டிட்டு, அந்தப் பேர்ல ஆளே இல்லன்னுட்டாங்க. திரும்பி வந்தா சித்தப்பா மவன் சிரிக்கிறான். "நாங்க சொன்னப்ப கேட்டீங்களா?"

மறு வருசமும் போனோம். கரிக் குழிங்களாண்ட ஒரு டீக்கடை. அண்ணனுக்கு தெலுங்கு வரும். அங்க குந்தினு இருந்த பெரியவராண்ட கேட்டாரு. அவரு, "சொந்தப் பேர்ல எவன்யா வேல செஞ்சான்? ஒருத்தன் பேர்ல இன்னொருத்தன் எறங்குவான். பேர உடு, ஆளச் சொல்லு"ன்னாரு.

"இடது கைக்காரரு. துன்றதுக்கு முன்னாடி ஒரு உருண்டை சோறு ஒதுக்கி வெப்பாரு."

பெரியவரு எழுந்து நின்னுட்டாரு. "நம்ம அரவத்தானா! கரி மேல சோறு வெப்பானே! மேல் பாறை உழுந்து போயிட்டான். நானுந்தான் தூக்கிக்கினு போனேன்." தமிழாளுங்கள அங்க அப்டித்தான் கூப்புடுவாங்க.

நைனாவுக்குப் பேரக் குடுத்தவன் ரெஜிஸ்டர்ல செத்துட்டான். செத்த எங்க நைனா ரெஜிஸ்டர்லயே இல்ல.

அந்தக் குழில இப்ப தண்ணி நிக்கிது. அண்ணன் ஓரமா குந்தி எள்ளும் தண்ணியும் உட்டாரு. அழுவல. "இனிமே எவனாச்சும் பேசட்டும்"னாரு.

கடைசியா ஆஸ்பத்திரில கூட, "என் பத்திரிகைல நைனா பேரு வரணும்டா"ன்னுதான் என் கையப் புடிச்சாரு. கருமாதியப்ப பங்காளிங்க மறுபடியும், "காயிதம் இல்லாம எப்டிப் போடறது?"ன்னாங்க. போட்டேன். இந்தப் புஸ்தகத்துலயும் மொத பக்கத்துல நைனா பேர, கொட்ட எழுத்துல, கரி வெட்டுன தொழிலாளின்னு போட்டுக்கீறேன்.

அண்ணனுக்கு ரத்தம் குடுத்த கம்பெனி பசங்களுக்கும், தோள் குடுத்தவங்களுக்கும் கும்புடு. அந்த டீக்கடைப் பெரியவருக்கும் புஸ்தகம் ஒன்னு அனுப்பறேன்.

பங்காளிங்களே, உங்க ஊட்டுக்கும் நானே கொண்டாந்து குடுக்கறேன். மொத பக்கத்த வாய் உட்டுப் படிங்க. நான் நின்னு கேட்டுட்டுத்தான் போவேன்.